உறவு விளிகளும் துணைத்தலைப்பும்: மூன்று இந்தியத் தனிமுயற்சித் திரைப்படங்களை முன்வைத்து

1. முன்னுரை

பெரும் படப்பிடிப்பு நிறுவனங்களின் முதலீட்டைச் சாராமல், இயக்குநரின் சொந்தப் பொறுப்பிலோ, நண்பர் குழுவின் உழைப்பிலோ, பொதுமக்கள் தந்த சிறு தொகைகளிலோ உருவான படங்களைத் தனிமுயற்சித் திரைப்படங்கள் எனலாம். இந்தியாவில் இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் வறுமை, இடப்பெயர்ச்சி, நோய், சாவு ஆகியவற்றுக்கு நடுவே மனித உறவு எவ்வாறு தாங்குகிறது, எவ்வாறு முறிகிறது என்பதையே பொருளாகக் கொண்டுள்ளன. இவற்றின் உணர்ச்சி வலிமையை விளக்க வந்த திறனாய்வாளர்கள் படப்பிடிப்பு, படத்தொகுப்பு, இசை ஆகியவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர். உரையாடலின் மொழியமைப்பு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

இப்படங்களில் உணர்ச்சி உச்சம் பெறும் இடங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒரு பொதுத்தன்மை தென்படும். அங்கே பேசப்படும் சொற்கள் மிகச் சில. அவற்றுள்ளும் தலைமையானது பெரும்பாலும் ஓர் உறவுப்பெயரோ இயற்பெயரோ விளியாக நிற்பது. சப்டைட்டில் எனப்படும் துணைத்தலைப்பை ஆங்கிலத்தில் எழுதுவோர் முதலில் விட்டுவிடுவதும் இந்த விளியையே. பார்வையாளர் காதால் கேட்கும் அழைப்பைக் கண்ணாலும் படிக்க வேண்டியதில்லை என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இக்கட்டுரை இக்காரணம் பொருந்தாது என்பதை மூன்று படங்களைக் கொண்டு நிறுவ முயல்கிறது. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ரித்விக் கட்டக்கின் ‘மேக டாக்க தாரா’ (1960), ஜான் ஆப்ரஹாமின் ‘அம்ம அறியான்’ (1986) ஆகியவை அம்மூன்று படங்கள். முதலிரண்டும் வங்காளம்; மூன்றாவது மலையாளம்.

இங்குக் காட்டப்படும் தமிழ்த் தொடர்கள் துணைத்தலைப்பில் அமையக்கூடிய வடிவங்களை விளக்கும் மாதிரிகளேயன்றி, மூல உரையாடலின் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்புகள் அல்ல.

2. விளி: இலக்கண மரபு காட்டும் வழி

தமிழ் இலக்கண மரபில் விளி புறத்தே நிற்கும் வெற்றொலி அன்று, எட்டாம் வேற்றுமை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் விளிமரபு என்னும் தனி இயலையே அதற்கு ஒதுக்குகிறது. எவ்வீற்றுப் பெயர் எவ்வாறு விளியேற்கும் என்பதோடு, முறைப்பெயர்கள் விளியேற்கும் முறையையும் அவ்வியல் கூறுகிறது. சேய்மையில் உள்ளாரை அழைக்குங்கால் பெயர்கள் தமக்குரிய அளபைக் கடந்து ஒலிக்கும் என்பதும் அங்கே சொல்லப்படுகிறது. நன்னூல் இதனை மேலும் வகுத்து, அண்மை விளிக்கு இயல்பும் ஈறழிவும், சேய்மை விளிக்கு அளபெடை, புலம்பல் விளிக்கு ஓகாரம் எனப் பிரித்துக் காட்டுகிறது.

இப்பகுப்பு ஈற்று வேறுபாட்டை மட்டும் குறிப்பதன்று. அழைப்பவர்க்கும் அழைக்கப்படுபவர்க்கும் இடையிலுள்ள தொலைவு சொல்லின் வடிவத்திலேயே பதிகிறது என்னும் கருத்து அதில் அடங்கியுள்ளது. அருகில் இருப்பவர், எட்ட இருப்பவர், இனி எந்த அழைப்பும் எட்டாதவர் என மூன்று நிலைகளை மரபு வேறுபடுத்துகிறது.

இருபதாம் நூற்றாண்டு மொழியியலும் வேறொரு வழியில் இங்கு வந்து சேர்ந்தது. ரோமன் யாக்கப்சன் 1960இல் மொழியின் பயன்களைப் பகுத்தபோது, கேட்போரை நோக்கிய பயன் விளியிலும் ஏவலிலும் மிகத் தூய வடிவம் பெறுகிறது என்றார். அதே ஆண்டில் பிரவுனும் கில்மனும் முன்னிலைப் பெயர்கள் அதிகாரத்தையும் ஒருமைப்பாட்டையும் சுட்டும் முறையை ஆராய்ந்தனர். விளிக்கு மெய் பொய் இல்லை. ‘அண்ணா’ என்பதை உண்மை என்றோ பொய் என்றோ சொல்ல இயலாது. அது செய்தி எதனையும் தெரிவிப்பதில்லை. ஓர் உறவை அக்கணத்தில் நிறுவுகிறது. துணைத்தலைப்பு செய்தியை மட்டும் கடத்தும் கருவி எனக் கொண்டால் விளி மிகையாகத் தோன்றும். உறவைக் கடத்துவதும் அதன் கடமை எனக் கொண்டால் விளியே முதலில் நிற்க வேண்டியதாகும்.

3. பதேர் பாஞ்சாலி: புலம்பல் விளி

விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 1929ஆம் ஆண்டு நாவலைத் தழுவிய இப்படத்தை ராய் 1952இல் படமாக்கத் தொடங்கினார். பணம் தீர்ந்தபோது காப்புறுதிப் பத்திரத்தையும் இசைத்தட்டுகளையும் விற்றார். மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசின் உதவியால் படம் முடிவுற்றது. 1956இல் கான் திரைப்பட விழாவில் ‘சிறந்த மனித ஆவணம்’ என்னும் பரிசைப் பெற்றது.

படத்தின் பிற்பகுதியில், பிழைப்புத் தேடி வெளியூர் சென்ற ஹரிஹர் மழையில் சிதைந்த வீட்டுக்குத் திரும்புகிறார். மகள் துர்கா இறந்தது அவருக்குத் தெரியாது. வந்ததும் பிள்ளைகளை அழைக்கிறார். மனைவி சர்பஜயா பேசாமல் நீர் எடுத்து வைக்கிறாள். வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் ஹரிஹர், துர்காவுக்கென வாங்கிய சேலையை நீட்டுகிறார். சர்பஜயா அதனை வாங்கிப் பற்களால் கடித்துக்கொண்டு கதறுகிறாள். அக்கதறல் திரையில் மனிதக் குரலாகக் கேட்பதில்லை. தார்ஷெனாயின் உச்சத் தொனி அதன் இடத்தை நிரப்புகிறது. பின்னரே ஹரிஹர் உண்மையை உணர்ந்து மகளை விளித்து அலறுகிறார்.

இக்காட்சியில் ஒரே மகளை நோக்கிய அழைப்பு இருமுறை வருகிறது. முதலாவது வீடு திரும்பிய தந்தையின் வழக்கமான அழைப்பு, விடையை எதிர்பார்ப்பது. இரண்டாவது விடை இல்லை எனத் தெரிந்தபின் எழுவது. இரண்டுக்கும் இடையே ஒரு தாயின் சொல்லற்ற குரல் நிற்கிறது. நன்னூலாரின் பகுப்பில் கூறுவதானால், சேய்மை விளி புலம்பல் விளியாக மாறும் தொலைவே இக்காட்சியின் முழு நிகழ்ச்சியும் ஆகும். முதல் அழைப்பு துணைத்தலைப்பில் இடம்பெறவில்லையெனில் இரண்டாவது அழைப்பு வெறும் அழுகையாகச் சுருங்கிவிடும். மாறாக இரண்டையும் எழுத்தில் தரும்போது, படிப்பவர் ஒரே பெயர் எவ்வாறு வேறொரு சொல்லாகிவிட்டது என்பதைக் காண்பார். தமிழில் இவ்வேறுபாட்டைப் பெயரின் நெடிலை நீட்டியும் ‘அம்மா துர்கா’ போன்ற சேர்க்கையாலும் காட்ட இடமுண்டு. மகளைத் தாய்ப்பெயரால் விளிப்பது வங்கத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே காணப்படும் வழக்கு. ஆங்கிலத்தில் அவ்வழக்கு இல்லை.

இங்கு ஒரு தடை எழலாம். இப்படம் 1955 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் முதலில் திரையிடப்பட்டபோது துணைத்தலைப்பே இல்லை. இருந்தும் பார்வையாளர் மனம் நெகிழ்ந்தனர். அவ்வாறாயின் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே உணர்ச்சி கடந்து செல்லும் என்றாகாதா?

துயரம் கடந்து செல்லும் என்பது உண்மையே. ஒரு தாய் அழுகிறாள் என்பதை அறிய வங்காளம் தேவையில்லை. ஆனால் யார் யாருக்கு என்ன கடமைப்பட்டவர் என்பது முகத்தில் எழுதப்பட்டிருப்பதில்லை. குழந்தைகள் ‘பிஷி’ என அழைக்கும் இந்திர் டாக்ருண் என்னும் முதியவளைச் சர்பஜயா வீட்டைவிட்டு வெளியேறச் செய்கிறாள். தந்தைவழி அத்தை முறையில் உள்ளவள் அவ்வீட்டில் தங்க உரிமை உடையவள். அவ்வுரிமையை வறுமை மறுக்க வைக்கிறது. உறவுச்சொல் தெரியாதவர்க்குக் கிழவி ஒருத்தியிடம் காட்டப்பட்ட கடுமை மட்டுமே தெரியும். தெரிந்தவர்க்கு ஒரு முறை மீறப்பட்டதும் தெரியும். படம் கேட்கும் கேள்வி இரண்டாவதில்தான் இருக்கிறது.

4. மேக டாக்க தாரா: அண்மையும் சேய்மையும்

சக்திபத ராஜகுருவின் கதையைக் கட்டக் தம் சித்ரகல்பா நிறுவனத்தின் பெயரில் படமாக்கினார். நாட்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து கல்கத்தாவின் புறநகர்க் குடியிருப்பில் வாழும் அகதிக் குடும்பம் ஒன்றின் கதை இது. மகள் நீதாவின் வருவாயில் குடும்பம் நடக்கிறது. அவளுடைய படிப்பு, காதல், உடல்நலம் ஆகியவை ஒவ்வொன்றாகக் குடும்பத்துக்குச் செலவாகின்றன.

4.1 அழைப்பும் கோரிக்கையும்

படத்தின் தொடக்கப் பகுதியில் நீதா கையில் பணத்தோடு வீடு வருகிறாள். தங்கை கீதாவுக்குச் சேலை வேண்டும். தம்பி மண்டூவுக்கு விளையாட்டுக் காலணி வேண்டும். பாடகனாக வேண்டும் என்னும் கனவோடு வேலையின்றித் திரியும் அண்ணன் சங்கருக்குச் சில்லறை வேண்டும். அவள் காலிலோ அறுந்த செருப்பு. இக்காட்சியில் எவரும் கொடியவர் அல்லர். எல்லோரும் அன்போடுதான் கேட்கிறார்கள். அந்த அன்பின் மொழி வடிவம்தான் உறவு விளி. இளையோர் அக்காவை அழைக்கும் ‘திதி’ என்னும் வங்கச் சொல் ஒவ்வொரு முறையும் ஒரு கோரிக்கைக்கு வாயிலாக அமைகிறது.

ஆங்கிலத் துணைத்தலைப்பில் ‘திதி’யை விட்டுவிட்டு ‘எனக்குக் காலணி வாங்கித் தா’ என்ற பொருளை மட்டும் தரலாம். அப்போது அது ஒரு வேண்டுகோள் ஆகிறது, மறுக்கத்தக்கது. ‘அக்கா, எனக்குக் காலணி வாங்கித் தா’ என்னும்போது அது உரிமை ஆகிறது. மறுத்தால் அக்கா என்னும் நிலையே ஐயத்துக்குள்ளாகும். ஒரு குடும்பம் தன்னைக் காப்பவளை எவ்வாறு அன்பாலேயே தின்று தீர்க்கிறது என்பது இப்படத்தின் பொருள். அதனைச் சுமக்கும் சொல்லை நீக்கியபின் எஞ்சுவது, தன்னலம் மிக்க உறவினரிடையே அகப்பட்ட ஒரு நல்ல பெண்ணின் கதை மட்டுமே. இப்படத்தை மிகையுணர்ச்சி நாடகம் எனக் கருதிய பிறமொழிப் பார்வையாளர்க்கு, இவ்விழப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும்.

4.2 மலையில் எழும் குரல்

காசநோய் முற்றிய நீதா இறுதியில் ஷில்லாங் மலையிலுள்ள மருத்துவ விடுதியில் இருக்கிறாள். சிறுவயதில் அண்ணனோடு மலையில் எடுத்த புகைப்படம் ஒன்றை அவள் போற்றி வைத்திருந்தவள். மீண்டும் மலைக்குச் செல்வது அவர்கள் இருவரின் கனவு. இப்போது புகழ்பெற்ற பாடகனாகிவிட்ட சங்கர் அவளைக் காண வருகிறான். வீட்டுச் செய்திகளைச் சொல்கிறான். கீதாவின் குழந்தை வளர்ந்து துள்ளித் திரிவதைச் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருந்த நீதா திடீரென அண்ணனை விளித்து, தான் வாழ விரும்பியதைச் சொல்லிக் கதறுகிறாள். கேமரா மலைகளைச் சுற்றிச் சுழல்கிறது. குரல் மலைதோறும் எதிரொலிக்கிறது.

இங்கே விளிக்கப்படுபவன் அருகிலேயே இருக்கிறான். இலக்கணப்படி அண்மை விளியே போதும். எழுவதோ அளபிறந்த சேய்மை விளி. அண்ணன் கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் அவள் அவனை ஒரு மலைக்கப்பால் உள்ளவனை அழைப்பதுபோல் அழைக்கிறாள். அவன் வாழ்வோரின் பக்கம். அவள் சாவின் பக்கம். இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு அடியால் அளக்கத்தக்கதன்று. படத்தின் முற்பகுதி முழுவதும் பிறர் அவளை விளித்துக் கேட்டார்கள். இங்கே அவள் பிறரை விளித்துத் தனக்கெனக் கேட்கிறாள். கேட்பதோ எந்த உறவினராலும் தர இயலாத ஒன்று.

இவ்விடத்தில் ‘நான் வாழ விரும்பினேன்’ என மட்டும் துணைத்தலைப்பு இடுவது இலக்கணத்தில் பிழையற்றது; பொருளிலும் தவறில்லை. எனினும் அது ஒரு வாக்குமூலம். ‘அண்ணா, நான் வாழத்தானே ஆசைப்பட்டேன்’ என்பது வழக்கு. வங்கப் பேச்சில் ‘தோ’, ‘ஜே’, ‘கிந்து’ முதலிய இடைச்சொற்கள் ஏற்றும் அழுத்தமும் முறையீடும் தமிழில் தானே, அல்லவா, ஏகாரம் ஆகியவற்றால் பெரும்பாலும் பெறப்படும். ஆங்கிலத்தில் அவை குரலேற்றத்தாலன்றி எழுத்தால் எளிதில் பெறப்படா. எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழிப்புலம் என விளக்கியபோது சுட்டிய ஒப்புமைகள் ஒலியிலும் தொடரமைப்பிலும் மட்டும் நிற்பவையல்ல. முறையிடும் முறையிலும் அவ்வொப்புமை உண்டு என்பதற்கு இத்தகைய இடங்கள் சான்றாகும்.

4.3 நிகரன் தேர்வில் எச்சரிக்கை

வங்க விளிக்குத் தமிழ் நிகரன் எளிதில் கிடைக்கிறது என்பதால் ஒன்றுக்கொன்று என இயந்திரம்போல் மாற்றிவிட இயலாது. மூன்று இடர்ப்பாடுகள் கவனத்துக்குரியவை.

முதலாவது எழுத்துப் பெயர்ப்பு. அண்ணனைக் குறிக்கும் வங்கச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ‘தாதா’ என்றே எழுத வேண்டும். இன்றைய தமிழ் இதழ்களில் ‘தாதா’ என்பது அடியாள் கூட்டத்தின் தலைவனைக் குறிக்கும். மரணத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு பெண்ணின் குரலுக்குக் கீழே அச்சொல்லை இடுவது முறையாகாது. ‘அண்ணா’ என்பதே பொருத்தம்.

இரண்டாவது ஒட்டு விளி. வங்கத்தில் வயதில் மூத்த ஆடவரை, உறவினர் அல்லாராயினும், பெயரோடு ‘தா’ சேர்த்து அழைப்பது பொது வழக்கு. அவ்வாறு அழைத்தவரையே ஒரு பெண் காதலிப்பதும் மணப்பதும் அங்கு முரணாகத் தோன்றாது. தமிழில் ‘அண்ணா’ என விளித்தபின் மணமுறை அற்றுப்போகும். ஆகவே உடன்பிறந்தானை நோக்கிய தனி விளியை ‘அண்ணா’ எனவும், பிறரை நோக்கிய ஒட்டு விளியை இயற்பெயராலோ ‘நீங்கள்’ என்னும் மதிப்பு வடிவாலோ பெயர்ப்பதே தக்கது. நீதாவைக் காதலித்த சனத் பின்னர்க் கீதாவை மணக்கும் இக்கதையில் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தால் கதையின் அடித்தளமே குழம்பும்.

மூன்றாவது உறவுமுறை அமைப்பு. பிஷி என்பதற்குத் தமிழில் அத்தை என்பதே நிகரன். ஆனால் தமிழில் அத்தை தந்தையின் உடன்பிறந்தாளையும் மாமன் மனைவியையும் மாமியாரையும் ஒருங்கே குறிக்கும். முறைமணத்தின் சாயல் அச்சொல்லில் உண்டு. தாமஸ் டிரவுட்மன் 1981இல் திராவிட உறவுமுறை பற்றி எழுதிய நூல் இவ்வமைப்பை விரிவாக ஆராய்கிறது. வங்கத்தில் பிஷிக்கும் மாமியாருக்கும் சொல்லளவில் தொடர்பில்லை. இம்மிகைப்பொருளை முற்றிலும் தவிர்க்க முடியாது. எனினும் உறவே தெரியாத பொதுச்சொல்லைக் காட்டிலும், சிறிது மிகைப்படும் உறவுச்சொல் மூலத்துக்கு அணுக்கமானது.

5. இடைமொழி வழிப் பெயர்ப்பின் இழப்பு

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் பல இந்திய மொழிப் படங்களை ஆங்கிலத் துணைத்தலைப்போடு ஒளிபரப்பியது. தமிழ்நாட்டில் பலர் வங்காளத்தையும் மலையாளத்தையும் அசாமியையும் திரையில் முதன்முதலில் கண்டது அவ்வாறுதான். ஆங்கிலம் அறியாதார்க்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது. இன்று இணைய வழித் திரையிடலில் தமிழ்த் துணைத்தலைப்புக்கு இடம் உண்டு. ஆனால் அது மூலமொழி உரையாடலிலிருந்து செய்யப்படாமல், நேரக் குறியீடுகளோடு அமைந்த ஆங்கிலப் படியிலிருந்து செய்யப்படுவது பரவலாக உள்ளது.

இதனால் விளையும் இழப்பு இருமடி. வங்க உரையாடலில் இருந்த விளி ஆங்கிலப் படியில் உதிர்கிறது. உதிர்ந்த இடம் எது என்பது தமிழில் பெயர்ப்பவர்க்குத் தெரிவதில்லை. பிஷி, மாஷி, காக்கிமா, மாமிமா என்னும் நான்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகின்றன. தமிழில் பெயர்ப்பவர் அத்தையா, சித்தியா, மாமியா என ஊகிக்க வேண்டியவராகிறார். வங்கத்தின் மூன்று முன்னிலை வடிவங்களான ‘துய்’, ‘துமி’, ‘ஆப்னி’ ஆங்கிலத்தில் ஒன்றாகின்றன. தமிழிலோ நீ, நீங்கள் எனத் தெரிந்தே தீர வேண்டும். வினைமுற்றும் அதற்கேற்பத் திரியும். மூலத்தில் உள்ளது, தமிழிலும் உள்ளது, இடையில் உள்ள மொழியில் மட்டும் இல்லை. அண்டை வீட்டாரோடு பேசத் தொலைவில் உள்ளவரைத் தூது விட்டதுபோன்ற நிலை இது.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. ‘மேக டாக்க தாரா’வில் பெற்றோரின் பேச்சில் கிழக்கு வங்க வட்டார வழக்கு ஓங்கி நிற்கிறது. தந்தை பள்ளி ஆசிரியர். ஆங்கிலக் கவிதையில் தோய்ந்தவர். மகளின் நோயை அறிந்தபோது அவர் விரலை உயர்த்திக் குற்றம் சாட்டும் சொற்கள் ஆங்கிலத்தில் அமைகின்றன. யாரை என்று கேட்கப்பட்டதும் கை தாழ்கிறது. எவரையும் இல்லை என்கிறார். இழந்த ஊரின் வழக்கும் உதவாமற்போன கல்வியின் மொழியும் ஒரே வாயில் மோதும் இடம் அது. ஆங்கிலத் துணைத்தலைப்பில் ஆங்கிலத் தொடர் மற்ற வரிகளோடு கலந்து மறைந்துவிடும். தமிழில் அத்தொடரை ஒலிபெயர்ப்பாகவே ‘ஐ அக்யூஸ்’ என நிறுத்தினால், தம் துயருக்குத் தாய்மொழியில் சொல் கிடைக்காத ஒருவரைப் படிப்பவர் காண்பார். மேலும் அக்குற்றச்சாட்டு விளியற்றது. யாரை நோக்கியது எனச் சொல்ல இயலாத பேச்சு அது. உறவு விளிகள் நிறைந்த இப்படத்தில் விளியற்ற அவ்வொரு தொடர் தனித்து ஒலிப்பதும் கருதத்தக்கது.

6. அம்ம அறியான்: எதிரில் இல்லாதவரை விளித்தல்

ஜான் ஆப்ரஹாம் புனே திரைப்பட நிறுவனத்தில் கட்டக்கிடம் பயின்றவர். 1977இல் ‘அக்ரகாரத்தில் கழுதை’ என்னும் தமிழ்ப் படத்தை இயக்கியவர். ‘அம்ம அறியான்’ ஒடேசா என்னும் மக்கள் திரைப்பட இயக்கத்தின் வழி உருவானது. ஊர் ஊராகப் படங்களைத் திரையிட்டும் வீடு வீடாகச் சென்றும் சிறு தொகைகளாகத் திரட்டிய பணம் அதன் முதலீடு. ஜான் 1987இல் மறைந்தார். இதுவே அவருடைய இறுதிப் படம்.

மேற்படிப்புக்காக டில்லி புறப்படும் புருஷன் என்னும் இளைஞன் தாய்க்குக் கடிதம் எழுதுவதாகச் சொல்லிச் செல்கிறான். வழியில் வயநாட்டில் தூக்கில் தொங்கிய ஓர் இளைஞனின் உடலைக் காண்கிறான். இறந்தவன் ஹரி என்னும் தாளக் கலைஞன் என அறிந்தபின், அச்செய்தியைக் கொச்சியில் வாழும் அவன் தாயிடம் சேர்க்கப் பயணத்தைத் திருப்புகிறான். வழியெங்கும் ஹரியின் நண்பர்கள் சேர்கின்றனர். ஒவ்வொருவனும் தன் தாயிடம் சொல்லிக்கொண்டு கிளம்புகிறான். தொழிலாளர், மாணவர் போராட்டங்களின் நினைவுகள் இடையிடையே வருகின்றன. முழுப்படமும் தாயை நோக்கிய கடிதமாக அமைகிறது.

இப்படத்தின் பெயரே மொழிபெயர்ப்பாளர்க்கு ஒரு பாடம். மலையாளத்தில் ‘அறியான்’ என்பது நோக்கப் பொருள் தரும் வினையெச்சம். ‘அம்மா அறியும் பொருட்டு’ என்பது தலைப்பின் பொருள். தமிழ் படித்தவரோ அதனை ஆண்பால் எதிர்மறை வினைமுற்றாகக் கொண்டு, ‘அம்மா, அவன் அறியமாட்டான்’ எனப் பொருள் கொள்ளக் கூடும். தெரிவித்தலின் பெயர் அறியாமையின் பெயராகத் தலைகீழாகிவிடும். நன்னூல் கூறும் வான், பான், பாக்கு ஈற்று வினையெச்சங்களை நினைவுகொள்வார்க்கு இம்மலையாள வடிவம் அன்னியமானதன்று. தமிழில் வழக்கு வீழ்ந்த ஈறு அங்கே அன்றாடப் பேச்சில் வாழ்கிறது.

‘அம்ம’ என்னும் சொல்லிலும் வேறுபாடுண்டு. மலையாளத்தில் எழுவாய் ‘அம்ம’, விளி ‘அம்மே’. பெயரும் அழைப்பும் வடிவால் பிரிந்து நிற்கின்றன. இன்றைய தமிழில் ‘அம்மா’ என்னும் விளிவடிவமே எழுவாயாகவும் வழங்குகிறது. அம்மை என்னும் எழுவாய் பொது வழக்கிலிருந்து பின்தங்கிவிட்டது. எனவே தலைப்பை ‘அம்மா அறிய’ எனப் பெயர்க்கும்போது, மூலத்தில் இல்லாத ஓர் அழைப்பின் சாயல் தமிழில் தானே வந்து சேர்கிறது. இவ்விடத்தில் அது இழப்பன்று. படம் முழுவதும் தாயை நோக்கிய பேச்சாக இருப்பதால் அச்சாயல் பொருந்தவே செய்கிறது. ஆங்கிலத்தில் இப்படம் ‘தாய்க்கு ஓர் அறிக்கை’ எனப் பொருள்படும் பெயரால் அறியப்படுகிறது. அறிக்கை என்னும் சொல் அரசியல் தொனியைக் காக்கிறது. மகனின் குரலைக் கைவிடுகிறது.

அண்மை, சேய்மை, புலம்பல் என்னும் மூன்றும் இப்படத்தில் ஒன்றாகின்றன. புருஷனின் தாய் சேய்மையில் உள்ளவள். வழியில் விடைதரும் தாய்மார் அண்மையில் உள்ளோர். ஹரியின் தாய் புலம்பப்போகிறவள். ஒரே சொல் மூவரையும் தொடுகிறது. மேலும் சிறு தொகை தந்த மக்களே இப்படத்தின் முதற் பார்வையாளர்கள். இருட்டில் அமர்ந்து ‘அம்மே’ என்னும் குரலைக் கேட்ட பெண்கள், அது திரைக்குள் இருப்பவளை மட்டும் நோக்கியதன்று என உணர்ந்திருக்க வாய்ப்புண்டு. விளி திரையைக் கடந்து செல்லும் ஒரே வேற்றுமை என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

7. செயல்முறைக் கருத்துகள்

துணைத்தலைப்புக்கு இடமும் காலமும் குறைவு. ஒரு முறைக்கு இரண்டு வரிகள், வரிக்கு ஏறத்தாழ 40 எழுத்துகள், திரையில் அதிகம் போனால் 6 நொடிகள் என்பது பரவலான நடைமுறை. தமிழ்ச் சொற்கள் ஒட்டுநிலையால் நீண்டவை. ஆகவே விளிக்கு இடமில்லை என்னும் முறையீடு எழக்கூடும். ஆயினும் தமிழில் இடம் மிச்சப்படும் வழியும் உண்டு. வினைமுற்று எண், இடம், மதிப்பு ஆகியவற்றைத் தானே காட்டுவதால் நான், நீ, நாங்கள் முதலிய பெயர்களைப் பல இடங்களில் விட்டுவிடலாம். அவ்வாறு பெற்ற இடத்தில் ‘அக்கா’, ‘அண்ணா’, ‘அம்மா’ என்னும் மூவெழுத்துச் சொற்கள் தாராளமாக அமையும்.

எல்லா விளியையும் எழுத வேண்டுமென்பதில்லை. கூட்டத்தில் ஒருவரை இனங்காட்டுவதற்கு மட்டும் வரும் அழைப்பைக் காதே அறியும். உறவை நிறுவும் விளி, கோரிக்கைக்கு வாயிலாகும் விளி, முன்வந்த விளியை எதிரொலிக்கும் விளி ஆகிய மூன்றையும் விடலாகாது. எவை எவை என அறிய, பெயர்ப்பவர் படத்தை முழுமையாகக் கண்டிருக்க வேண்டும். உரைப்படியை மட்டும் கையில் கொண்டு இதனைத் தீர்மானிக்க இயலாது. இந்திய மொழிப் படமாயின் மூலமொழி அறிந்த ஒருவரேனும் தமிழ்ப்படியைச் சரிபார்த்தல் வேண்டும்.

8. முடிவுரை

மூன்று படங்களிலும் மனிதர் துன்பத்தின் உச்சத்தில் நீண்ட உரை நிகழ்த்துவதில்லை, யாரையேனும் அழைக்கிறார்கள். ஹரிஹர் மகளையும், நீதா அண்ணனையும், புருஷன் தாயையும் அழைக்கின்றனர். அவ்வழைப்புகளுக்குள் முழு வாழ்வும் கடமையும் உரிமையும் அடங்கியுள்ளன. வங்காளத்திலும் மலையாளத்திலும் உள்ள இவ்வழைப்பைத் தாங்கத் தமிழில் சொல்லும் இலக்கணமும் பழமையாகவே உள்ளன. அவை பயன்படாமற்போவதற்குக் காரணம் மொழியின் குறையன்று. இந்திய மொழிகள் ஒன்றையொன்று நேரே கேளாமல் இடைமொழி ஒன்றின் வழியாகவே கேட்டுவரும் பழக்கம். அப்பழக்கம் மாறும்வரை, நீதா மலையில் எழுப்பிய குரல் தமிழ்ப் பார்வையாளரின் காதில் விழுந்துகொண்டிருக்கும். அவள் அழைத்தது யாரை என்பது மட்டும் திரையின் அடியில் எழுதப்படாமலே இருக்கும்.